ஒரு வாளி தண்ணீர் தாங்காத வண்டி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே எடை. இருவர் காலிலும் ஒரே கடையில் வாங்கிய செருப்பு. நடப்பதும் ஒரே ஊர் ரோட்டில்தான். அண்ணன் ஒரு வருஷத்துக்குள் மூன்று ஜோடி தேய்த்துவிட்டான். தம்பி முதலில் போட்ட ஜோடியோடேயே நடந்துகொண்டிருக்கிறான். ஏன்?

நடக்கிற விதமா? நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள். யாரைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதான். தப்பு. அண்ணனுக்கு வந்து வாய்த்தது மட்டமான செருப்பு. அவ்வளவுதான் விடை. இதைச் சொன்னால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

கொஞ்சம் தணிந்த குரலில் பேசுவோம். ஜன்னலோரம் தூங்குவது என் மகள். மிருதுளா. ஐந்தாம் வகுப்பு, கோத்தகிரியில் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். அரவேணு தாண்டி, டீக்கடைப் பக்கம் நாங்கள் கை காட்டி இந்த பஸ்ஸை நிறுத்தினோமே, அப்போது அங்கே ஒரே மாதிரி இரண்டு கருநீலக் கார் நின்றதைப் பார்த்தீர்களா? இரண்டும் எங்கள் வீட்டு வண்டிதான். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மனைவியின் தம்பியுடையது. என் வண்டி ஓடுகிற நிலையில்தான் நிற்கிறது. இருந்தும் நான் பஸ்ஸில் போகிறேன். அதுதான் கதை. நீங்கள் கோயமுத்தூர் வரைக்கும்தானே? இந்த டிரைவர் ஓட்டுகிற வேகத்துக்கு இரண்டு கதை சொல்லலாம்.

பாருங்கள், மலை இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போட்டுக்கொண்டு உருட்டுகிறார். பிரேக்கைத் தொடவே மாட்டேன் என்கிறார். இஞ்சின் எப்படி உறுமுகிறது கேளுங்கள். பிரேக் என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

என் பெயர் ஈசுவரமூர்த்தி. கோயமுத்தூர் கணபதியில் பம்ப் செய்கிற கம்பெனி வைத்திருக்கிறேன். போர்வெல்லுக்குள் இறக்குகிற நீர்மூழ்கி மோட்டார். அப்பா காலத்தில் பட்டறை, என் காலத்தில் கம்பெனி. இயந்திரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கார் கம்பெனிக்காரர்கள் என்னிடம் பேசுகிற தோரணை அப்படி.

போன வருஷம் மிருதுளாவை ஹாஸ்டலில் சேர்த்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். நான்தான் போய் அழைத்து வருவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் இருந்த காலத்திலும் நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. நான் கிளம்பும்போது தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். அதனால் அந்தச் சனிக்கிழமைப் பயணம் எனக்கு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன். டர்போ இஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வண்டி.

மாப்பிள்ளையும் அப்போது கார் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என்பது என் மனைவியின் தம்பி, நவநீதன். பல் டாக்டர். நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிச் சொல்லி, தன் வாயைத் திறக்க மறந்துபோனவன். அவன் ஏதோ சின்ன வண்டி, மூட்டைப் பூச்சி மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். "சிங்கத்தை வாங்கு மாப்பிள்ளை, எத்தனை நாளைக்குப் பூனை ஓட்டுவே?" என்றேன். இரண்டும் ஒரே மாடல், ஒரே நிறம். ஒரே நாளில் ஒரே பூசாரி எலுமிச்சம்பழம் வைத்து, ஒன்றன் பின் ஒன்றாக ஷோரூமை விட்டு வெளியே வந்தன.

அவன் சிங்கத்தை எப்படி ஓட்டுகிறான் தெரியுமா? மடியில் தயிர்ப் பானையை வைத்துக்கொண்டிருப்பது போல. சிக்னலில் பச்சை விழுந்தால், பக்கத்தில் நிற்கிறவருக்கு வழி விட்டுவிட்டு அப்புறம் நகருவான். ஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். "என்ன மாப்பிள்ளை, ஜபமா?" என்று கேட்டால், "ஆயில் மேலே ஏறட்டும் மாமா" என்பான். போய்ச் சேர்ந்த பிறகும் இஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் உட்கார்ந்திருப்பான். பெட்ரோல் என்ன ஆற்றிலா ஓடுகிறது?

நான் அப்படி இல்லை. எங்கள் கம்பெனியில் எந்த மோட்டாராக இருந்தாலும் வெளியே அனுப்புவதற்கு முன் சோதனை மேடையில் ஏற்றுவோம். ஸ்விட்சைத் தட்டினதும் முழு லோடு. தாங்கினால் நல்ல மோட்டார். தாங்காவிட்டால் உள்ளே எங்கேயோ கோளாறு. காரையும் நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும், கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு முழு மிதி. வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் பட்டென்று அணைத்துவிடுவேன். கரண்டை வீணாக்காமல் வளர்ந்த கை.

மலைப் பாதையில் என் வண்டியைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஒரு வளைவில் இருந்து அடுத்த வளைவு வரைக்கும் ஒரே பாய்ச்சல். வளைவு வந்ததும் பிரேக்கில் ஏறி நிற்பேன். திரும்பினதும் மறுபடி பாய்ச்சல். கோத்தகிரியில் இருந்து கோயமுத்தூர் இரண்டு மணி நேரம் என்பார்கள். நான் ஒன்றேகாலில் இறக்கிவிடுவேன். மகளோடு இருக்கிற அந்த நேரத்துக்காகத்தான் இரண்டு வாரமும் காத்திருப்பேன்.

அவளுக்கும் அது பிடிக்கும். வாயே திறக்க மாட்டாள், அவ்வளவு ரசிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே லயித்துப்போய் உட்கார்ந்திருப்பாள். எலுமிச்சம்பழம் என்றால் அவளுக்கு உயிர். ஹாஸ்டலில் இருந்து வரும்போதே கையில் ஒன்று வைத்திருப்பாள், வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வருவாள். எங்கே கிடைக்கிறதோ.

முதல் மூன்று மாதத்திலேயே முன் டயர் இரண்டும் ஓரம் வழித்துப்போனது. சரி, ரோடு மோசம் என்று விட்டேன். அப்புறம் பிரேக் பேட். பேட் என்றால், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டை. அது காகிதம் மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். மாற்றினேன். மறுபடியும் காகிதம். மாற்றினேன். அப்புறம் அந்தத் தட்டு. டிஸ்க் என்பார்கள். அது நெளிந்துபோய், பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. மலேரியா வந்தவன் கையைப் பிடித்த மாதிரி. இத்தனைக்கும் நான் அந்த டிஸ்க்கை எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா?

சொல்கிறேன். எங்கள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மோட்டார். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறவரைக்கும் சூடு அதை ஒன்றும் செய்யாது. சூட்டுக்குத் தண்ணீர். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. மேட்டுப்பாளையத்தில் எங்கள் பம்ப் விற்கிற டீலர் கடை இருக்கிறது. மலை இறங்கினதும் நேராக அங்கே நிறுத்துவேன். சக்கரத்தில் இருந்து அனல் அடிக்கும். ஹோஸை எடுத்து நாலு சக்கரத்துக்கும் பீய்ச்சி அடிப்பேன். சொய்யென்று ஆவி கிளம்பும். மிருதுளா இறங்கிப் போய்க் கடைப் படியில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை கூட நான் இதைத் தவறவிட்டதில்லை. எத்தனை பேர் தங்கள் வண்டிக்கு இவ்வளவு செய்கிறார்கள்?

சர்வீஸ் சென்டரில் ரெஜினா என்று ஒரு பெண். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசும். மூன்றாவது தடவை பேட் மாற்றப் போனபோது அது சொன்னது, "சார், ஓட்டுற விதத்தையும் பொறுத்து இருக்குங்க சார். தேயுற பொருளுக்கு எங்களால கேரண்டி தர முடியாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஏனென்றால் இது என்னுடைய வாக்கியம். என் டீலர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தது. போன சித்திரையில் அன்னூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். போர்வெல்லில் தண்ணீர் வற்றினது தெரியாமல் ராத்திரி முழுக்க ஓட விட்டிருக்கிறார். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் காயில் கருகிவிட்டது. "புது மோட்டாருங்க, கேரண்டி உண்டுன்னு சொன்னீங்களே" என்று நிற்கிறார். "ஏனுங்க, மோட்டாரை வெறும் போரில ஓட்டினா அது என்ன பண்ணும்? ஓட்டுற விதம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்று அனுப்பிவைத்தேன். அது நியாயம். அவர் ஓட்டத் தெரியாமல் ஓட்டினார். என்னிடம் வந்து அதே வாக்கியத்தைச் சொல்லலாமா?

"ஏம்மா, எங்க மாப்பிள்ளையும் இதே வண்டிதான் வெச்சிருக்கான். அவனுக்கு இன்னும் முதல் பேட்டே ஓடுது. அப்ப எனக்குக் குடுத்தது மட்டமான பீஸ்தானே?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் பில் புத்தகத்தை மூடி வைத்தது. அப்புறம், "காபி சாப்பிடுறீங்களா சார்?" என்றது. பதில் இல்லாவிட்டால் காபி.

மாப்பிள்ளையிடம் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது? அவன் சிரிக்கவும் இல்லை. "மாமா, எங்கிட்ட வர்றவங்கள்ல சில பேருக்குப் பல்லெல்லாம் தட்டையா தேஞ்சிருக்கும். தூக்கத்துல நறநறன்னு கடிப்பாங்க. கேட்டா, நான் கடிக்கறதே இல்லைம்பாங்க. அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வேண்டுமானால் உங்க அக்காவைக் கேள் என்றேன். காரைப் பற்றிக் கேட்டால் பல்லைப் பற்றிப் பேசுகிறான். தொழில்புத்தி போகுமா?

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு பிரச்சினை. என் மனைவி சுகந்தி போன மாதம் ஆரம்பித்தாள். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர்ற குழந்தை, வந்ததும் பாதி நாள் படுத்தே கிடக்குது. சோறு இறங்க மாட்டேங்குது. இனிமேல் நவநீதன் போய்க் கூட்டிட்டு வரட்டும்."

"ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை, அதான்" என்றேன்.

"திங்கட்கிழமை காலையில துள்ளிட்டுக் கிளம்புது. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கா துள்ளுது?"

போகும்போது அவளைக் கொண்டுபோய் விடுவது பள்ளிக்கூட வேன். அதைச் சுகந்தி சொல்லிக்காட்டினாள். வேன் டிரைவர் ஆமை மாதிரி ஓட்டுவார், பாவம், குழந்தைக்கு அது வேறு அலுப்பு.

வாக்குவாதம் வளர்ந்தது. அந்தச் சனிக்கிழமை என்னை விட்டுப் போகிறது என்பது எனக்குப் புரிந்தது. அது ஒன்றுதான் எனக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கும் கொஞ்சம் மனசு இளகியது போல. "சரி. நீங்களும் போங்க, அவனும் வரட்டும். யாரோட வர்றதுன்னு குழந்தையே சொல்லட்டும். உங்களோடதான்னு சொல்லிட்டா நான் இனிமே வாயே திறக்கலை. அவனோடன்னா, இனிமே அவன்தான்" என்றாள்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். தன் அப்பாவை விட்டுவிட்டுத் தயிர்ப் பானையோடு எந்தக் குழந்தை வரும்?

அதுதான் இன்றைக்கு. காலையில் இரண்டு வண்டியும் கிளம்பின. நான் போய்ச் சேர்ந்து, ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டருக்கு வணக்கம் சொல்லி, கேன்டீனில் டீயும் குடித்த பிறகு மாப்பிள்ளை வந்தான். என் ஸ்டீயரிங் ஆட்டம் இன்றைக்கு அதிகம். போன வாரம்தான் பேட் புதிதாகப் போட்டிருந்தது, டிஸ்க்கைத்தான் இன்னும் மாற்றவில்லை. அந்தச் சனியன் பிடித்த நடுக்கத்தோடு இன்றைக்குப் போய் மகளை ஏற்றுவதா என்று யோசித்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"மாப்பிள்ளை, சாவியை மாத்திக்குவோம். என் வண்டியை நீ ஓட்டிப் பாரு. அது மட்டமான பீஸ்னு அப்பத் தெரியும். உன் நல்ல வண்டியில நான் பாப்பாவைக் கூட்டிட்டு இறங்கறேன்" என்றேன்.

அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. என் வண்டியை எடுத்துப் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி நகர்த்தி, மறுபடி நிறுத்தினான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "பேட் புதுசுதான். பிடிக்குது. ஆட்டம் இருக்கு. சின்ன கியர்ல மெதுவா இறக்கினா ஒண்ணும் ஆகாது" என்றான். ஒரு மலையை இறங்க இவ்வளவு ஆராய்ச்சி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாம் போய்க் குழந்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. குழந்தை பையோடு கேட் வரைக்கும் வரும். சிஸ்டர் பக்கத்தில் நிற்பார். "யாருகூடப் போறே?" என்று கேட்பார். குழந்தை கை காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் கேட்டைத் திறப்பார்கள்.

மிருதுளா வந்தாள். இரண்டு வண்டியையும் பார்த்தாள். நானே விளக்கமாகச் சொன்னேன். "கண்ணு, இன்னிக்கு அப்பா மாமாவோட வண்டியை ஓட்டறேன். அதுல ஆட்டம் எதுவும் இல்லை. மாமா நம்ம வண்டியை ஓட்டறார், அதுல பிரேக் ஆடும், சத்தம் வேற வரும். உனக்கு எது வேணும்?"

அவள் மாமாவைக் கை காட்டினாள்.

"அது நம்ம பழைய வண்டி கண்ணு. ஆடற வண்டி" என்று மறுபடியும் சொன்னேன். அவளுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் "தெரியும்ப்பா" என்றாள். மறுபடியும் மாமாவைத்தான் காட்டினாள். சிஸ்டர் கேட்டைத் திறந்துவிட்டார்.

குழந்தைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நல்ல பிரேக் உள்ள வண்டியை விட்டுவிட்டு, ஆடுகிற வண்டியில் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறாள். சுகந்திக்கு போன் பண்ணிச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு மிதி மிதித்தேன். கிளம்பிவிட்டேன்.

கோபத்தில் ஓட்டினேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. எப்போதும் ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினேன். அரவேணு வரைக்கும் வண்டி பூப்போலப் போனது. நல்ல பீஸ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அரவேணு தாண்டி மூன்று வளைவு. ஒரு நாற்றம் வந்தது, ரப்பர் எரிகிற மாதிரி. அடுத்த வளைவில் பிரேக்கை மிதிக்கிறேன், கால் பஞ்சு மூட்டையில் இறங்குகிற மாதிரி உள்ளே போகிறது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, எப்படியோ டீக்கடை முன்னால் இருந்த மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை.

பயமா? பயப்பட நேரம் ஏது. டீக்கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் வாங்கினேன். நேராக டிஸ்க் மேல் ஊற்றினேன். சொய்யென்று ஆவி. அதற்கு அப்புறம் "டிங்" என்று ஒரு சத்தம், சாமி மணி அடித்த மாதிரி. குனிந்து பார்த்தால் டிஸ்க்கில் முடி அளவு ஒரு விரிசல்.

ஒரே ஒரு வாளி. அதைத் தாங்கவில்லை. எங்கள் மோட்டார் வருஷக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கிறது, இவர்கள் இரும்பு ஒரு வாளிக்கு விரிகிறது. என்னுடையது மட்டும்தான் மட்டமான பீஸ் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளையுடையதும் அதே பீஸ்தான். அவன் மெதுவாக ஓட்டி ஓட்டி இத்தனை நாளாக அதை மறைத்து வைத்திருக்கிறான். திங்கட்கிழமை போய் ரெஜினாவிடம் இரண்டு வண்டிக்கும் சேர்த்துக் கேட்கப்போகிறேன்.

இருங்கள், மிருதுளா தலை ஜன்னலில் இடிக்கிறது. தோளில் சாய்த்துக்கொள்கிறேன்.

இந்த பஸ்ஸில் ஏறினதில் இருந்து, தூங்குகிற வரைக்கும் வாய் ஓயவில்லை இவளுக்கு. அவளுடைய சினேகிதிக்குப் பல் விழுந்ததாம், அதை யாரோ தின்றுவிட்டார்களாம். சதுரங்க வகுப்பு பிடிக்கவில்லையாம், பிரம்பு முடைகிற வகுப்புக்கு மாறிக்கொண்டாளாம். நான் சதுரங்கத்துக்குத்தானே சேர்த்தேன். கேட்டால், ஜூலையிலேயே மாறிவிட்டேனே அப்பா என்கிறாள். காரில் இத்தனை தடவை வந்திருக்கிறோம், ஒரு தடவை சொல்லியிருக்கலாம் இல்லையா?

எங்கே விட்டேன்? டீக்கடை. ஒரு டீ குடித்து முடித்து, இன்னொன்று சொல்லி, அதுவும் ஆறிப்போன பிறகு என் வண்டி வந்தது. உருண்டு உருண்டு வந்து, எனக்குப் பின்னால் நின்றது. மாப்பிள்ளை இறங்கி வந்தான். நனைந்த சக்கரத்தைப் பார்த்தான். கீழே கிடந்த வாளியைப் பார்த்தான்.

"தண்ணி ஊத்தினீங்களா மாமா?"

"பின்னே, எரிய விடச் சொல்றியா?"

"எப்பவும் ஊத்துவீங்களா?"

"எப்பவும் ஊத்தறதாலதான் என் வண்டி இதுவரைக்கும் நடுரோட்டுல நின்னதில்லை" என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்தான். அவனுக்கும் கம்பெனி மேல் கோபம் இருக்கும்தானே, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதை அவன் காட்டிக்கொள்ளவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இருந்து வண்டி தூக்குகிற லாரியை வரச் சொல்லியிருந்தேன். அது வருகிற வரைக்கும் யாராவது நிற்க வேண்டும். அவனே சொன்னான், "என் வண்டி, நான் நிக்கறேன். ஏத்தி விட்டுட்டு அப்புறம் பஸ் பிடிச்சுக்கறேன். நீங்க உங்க வண்டியில பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க மாமா. மெதுவா போங்க."

தட்ட முடியாத யோசனை. என் வண்டி, என் மகள். நான் கேட்டது எதுவோ அது தானாகவே நடந்துவிட்டது. குழந்தை கேட்டில் யாரைக் கை காட்டியிருந்தால் என்ன, வீட்டு வாசலில் என்னோடுதானே வந்து இறங்கப்போகிறாள்? நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். முன் கதவைத் திறந்துவிட்டு, "வா கண்ணு, முன்னால உட்காரு" என்றேன்.

மிருதுளா பின் சீட்டில் இருந்து இறங்கினாள். பையையும் இறக்கினாள். முன்னால் வரவில்லை. டீக்கடைப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாமாவோடு நிற்கப்போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்பாவோடு வர மாட்டாயா என்று கேட்டேன். வருவேன் என்றாள். பின்னே ஏறு என்றேன். ஏறவில்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இத்தனை பெரிய வண்டி, இத்தனை நல்ல ஏசி, அதை விட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? மாப்பிள்ளை என் பக்கம் பார்க்காமல், டீக்கடைக்காரரிடம் ஏதோ பன் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். இவனிடம் கேட்டால் மறுபடி பல்லைப் பற்றித்தான் சொல்வான்.

அந்த நேரத்தில்தான் மேலே வளைவில் இந்த பஸ் தெரிந்தது. அவள் எழுந்து நின்று கை நீட்டினாள்.

"இதுல போலாம்ப்பா. நீங்களும் வாங்க" என்றாள்.

கார் சாவியை மாப்பிள்ளையிடம் வீசிவிட்டு ஓடி வந்து ஏறினேன். வேறு என்ன செய்வது, பஸ் நின்றுவிட்டது, அவள் படியில் ஏறிவிட்டாள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகு கேட்டேன். உங்கம்மா வீட்டு வாசலிலேயே நின்று கேட்பாள், இனிமேல் சனிக்கிழமை யார் வரட்டும் என்று, நான் என்ன சொல்லட்டும் என்றேன்.

அப்பாவே வரட்டும், பஸ்ஸில் வரட்டும் என்று சொல்லச் சொன்னாள்.